குற்றாலத்தில் வைத்து விசாரித்த கடல்

சாரல் நாளில் கார்பன் தாள் நமுத்துப்போய் ஒரு மை வாடை அடிக்கும்... இத்தனை வருஷம் கழித்தும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை.

1940-களின் நடுவில், தென்காசியில் டைப்ரைட்டிங் பாஸான கையோடு கிடைத்த முதல் வேலை. குற்றாலத்தில் ஒரு பங்களா. சீசனுக்கு வந்திருந்த ஒரு துரையின் தலைமையில் கமிட்டி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடலில் சங்கு எடுக்கும் உரிமை மூழ்கி எடுக்கிறவர்களுக்கா, ஒரே முதலாளிக்குக் குத்தகையா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

கடல் விவகாரத்தை மலையடிவாரத்தில் ஏன் பேசுகிறார்கள்?

குளிர்ச்சிக்காக என்றார்கள். ஆனால் அந்த முதலாளியின் கார் தினமும் பங்களா வாசலில் நின்றது.

விசாரணை மதியம் மூன்று மணிக்கு. காலையிலேயே ஹெட் கிளார்க் இங்கிலீஷில் எழுதிய ஒரு தாளை டைப் அடிக்கச் சொல்லி நீட்டினார். 'சங்கு குளிப்போர் சார்பில் சூசை நேரில் வந்து, குத்தகைக்குச் சம்மதித்தார்.'

"சார், விசாரணையே இன்னும் நடக்கலியே?"

"ஏலே, நீ அடிக்க வந்தியா, படிக்க வந்தியா?"

அடித்தேன். வேலை போய்விடுமே என்ற பயம்.

மதியம் சூசை அண்ணாச்சி வந்து சேர்ந்தார். தென்காசி வரை ரயில், அப்புறம் நடை. ஐம்பது வயதிருக்கும். கடலில் மூழ்கி மூழ்கி ஒரு காது போயிருந்தது. நனைந்த வேட்டியோடு எனக்குக் கும்பிடு போட்டார்... அதற்குமேல் என்னால் முடியவில்லை. கேட்கிற காதுப் பக்கம் போய் விஷயத்தைச் சொல்லி, அடித்த தாளின் கார்பன் நகலையும் கையில் கொடுத்துவிட்டேன்.

"எழுதிட்டாவளா?" என்றார் நிதானமாக. "இம்புட்டுத் தூரம் கூப்பிடுதாவளேன்னு அப்பவே நெனச்சேன் தம்பி."

மூன்று மணிக்கு அதை மேசைமேல் வைத்தார்.

"ஐயா, நான் இன்னும் வாயே தொறக்கல. அதுக்குள்ள சம்மதிச்சேன்னு எப்படி எழுதினிய?"

துரை கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார்.

கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். மறுநாள் முதல் என்னை வர வேண்டாம் என்றார்கள்.

சில மாதம் கழித்து அண்ணாச்சியிடமிருந்து ஒரு கார்டு. குத்தகை அதே முதலாளிக்குத்தான். ஆனால், 'சூசை ஆட்சேபித்தார்' என்று திருத்தி எழுதியிருக்கிறார்களாம். அந்த ஒரு வரிக்கே அவருக்கு அத்தனை சந்தோஷம்.

இப்போது கடலோரத் திட்ட அறிவிப்பெல்லாம் செல்போனிலேயே, வண்ணப்படத்தோடு வருகிறது. பேத்தி வாசித்துக் காட்டுவாள். 'அனைத்துத் தரப்பினரையும் கலந்து முடிவு செய்யப்பட்டது...'

"ஏட்டி, யார் யாருன்னு பேர் போட்டிருக்கா?" என்று கேட்பேன்.

"பேரெல்லாம் இல்ல தாத்தா."

அன்றைக்குப் பொய் சொல்வதற்காவது ஒரு ஆளின் பெயர் வேண்டியிருந்தது.