எங்கள் வீட்டுச் சைவப் பூனை

இரண்டு வருடங்களுக்கு முன் பளையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சித்திரை வெயில் ஏறத் தொடங்கிய காலை நேரம். பால் வைத்துக் கூப்பிட்டும் பூனை வரவில்லை. தேடினால், அலுமாரிக்கு அடியில் கழுத்தை நீட்டிப் படுத்தபடி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். காதுகள் குளிர்ந்திருந்தன.

அதற்கு மூன்று கால்கள்தான். குட்டியாக வீதியில் அடிபட்டுக் கிடந்ததை நான்தான் தூக்கி வந்தேன். ஓடி எலி பிடிக்க அதனால் முடியாது. வெளியே விட்டால் நாய்கள் விடாது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. நாங்கள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர்கள். அதற்கும் பாலும் சோறும் பருப்பும்தான். எங்கள் பூனையும் சைவம் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

கூடையில் துணி விரித்து அதைக் கிடத்தி, கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். மிருக வைத்தியர் இருப்பது கிளிநொச்சியில். வழியில் ஆனையிறவுத் திறந்தவெளியில் காற்று எங்களை ஒரு பக்கமாகத் தள்ளியது. கூடைக்குள் கையை விட்டுப் பூனையின் நெஞ்சைத் தொட்டபடியே இருந்தேன். எண்ண முடியாத வேகத்தில் இருந்த துடிப்பு திடீரென்று கைக்குப் படவில்லை.

"நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்றேன்.

அவர் இறங்கித் துணியை விலக்கிப் பார்த்தார். நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

"மூச்சு இருக்கு. இதில நிண்டால் அதுவும் போயிடும். இறுக்கிப் பிடி" என்று சொல்லிவிட்டு, அதுவரை நான் கண்டிராத வேகத்தில் ஓட்டினார்.

வைத்தியர் ஓர் இளம் பெண். ஊசி போட்டு, ஒக்சிசன் வைத்து, நெடுநேரம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகுதான் என்னிடம் திரும்பினார்.

"என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

சொன்னேன்.

"பூனையின்ர இதயத்துக்கு வேண்டிய ஒரு சத்து மீனிலயும் இறைச்சியிலயும்தான் இருக்கு, அம்மா. அது கிடைக்காட்டில் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும், நெஞ்சில நீர் கட்டும். ஸ்கான் எடுத்தால்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா எனக்கு இது சாப்பாட்டால வந்ததாத்தான் தெரியுது. நீங்கள் சைவமா இருங்கோ. இதைச் சைவமா வைச்சிருக்காதேங்கோ."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பின்னேரம் வரை வெளியே இருந்த மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். அதற்குள் நாக்கில் நிறம் திரும்பியிருந்தது. சத்து மருந்தும் மாத்திரைகளும் தந்தார்கள். மீனை உப்பில்லாமல் அவித்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

மறுநாள், எங்கள் வாசல் படலையில் ஒருநாளும் நிற்காத மீன்காரரைக் கைகாட்டி மறித்தேன்.

"உங்களுக்கோ அக்கா?" என்று நம்பாமல் கேட்டார்.

"பூனைக்கு. உயிர் பிழைக்க."

கிணற்றடியில் அடுப்பு மூட்டினேன். மணம் வந்ததும் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து என் கணவர்தான் மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு அவிக்கிறார். நாலைந்து மாதங்களில் பூனைக்கு மூச்சு வாங்குவது நின்றது. இப்போது மூன்று காலோடு ஜன்னல் ஏறுகிறது.

அன்போடுதான் ஊட்டினேன், ஆனால் அதற்கு என்ன வேண்டுமென்று ஒருநாளும் விசாரிக்காமல், எனக்குச் சரியென்று பட்டதையே கொடுத்து அதைக் கொல்லப் பார்த்தேன் என்ற நினைப்பு, இன்றைக்கும் யாருக்குச் சோறு போட்டாலும் என் கையை ஒரு கணம் நிறுத்துகிறது.