கை ஒடஞ்சவன் பாட்டு

ஒரு காலத்தில் நான் புரட்சிக்காரனாக இருந்தேன். வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை. ஆறரைக்கு எங்கள் ஊருக்கு பஸ். அதை விட்டால் வீட்டில் அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால், ஆறு மணிக்கு மேல் புரட்சி செய்ய எனக்கு வசதிப்படவில்லை.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிற வீடு ஒன்று இருந்தது. அதன் மொட்டைமாடியில்தான் நாங்கள் மூன்று பேரும் கூடுவோம். நான் எழுதுவேன், எழுதியதைத் தாளத்துக்குள் பேசுவேன். என்னோடு கல்லூரியில் படித்தவன் பேஸ் கிட்டார் வாசிப்பான். டவுன் பையன், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசித்துப் பழகிய கை. மூன்றாமவன் என் ஊர்க்காரன். கீழ்பென்னாத்தூரைத் தாண்டியிருக்கிற எங்கள் கிராமத்தில் நான் ஊர்த்தெரு, அவன் காலனி. டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். எங்கள் குழுவில் அவன் பறை அடித்தான்.

ஆரம்பித்துவைத்தது ஒரு சிடி. கீழ் அறையில் தங்கியிருந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது கிட்டார்காரனிடம் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பின இளைஞர்கள் ஆங்கிலத்தில் கோபமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். பின்னால் ஓடுவது மிஷின் தாளம் இல்லை. நிஜமான டிரம், நிஜமான கிட்டார், நடுநடுவே ஒரு ட்ரம்பெட். வார்த்தைகள் பெரும்பாலும் எங்களுக்குப் புரியவில்லை. போலீஸ், வாடகை, தோல், பசி என்கிற நான்கு மட்டும் புரிந்தன. அப்போது தமிழில் இப்படி வேகமாகப் பேசிப் பாடுவதென்றால் சினிமாவில் கதாநாயகன் காலேஜ் வாசலில் பெண்களைக் கிண்டல் செய்கிற பாட்டுத்தான். நாங்கள் அப்படிச் செய்யப்போவதில்லை என்று முடிவு செய்தோம். கிரிவலப் பாதையில் நிலம் போனவர்களைப் பற்றி, பௌர்ணமிக் கூட்டம் அடி அண்ணாமலையில் விட்டுப்போகிற குப்பையை அள்ளுகிறவர்களைப் பற்றி, டீக்கடையில் தனியாக வைக்கிற தம்ளரைப் பற்றி எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியது வேறு இருக்கிறது.

சிடியை இரண்டு முறை கேட்டுவிட்டு என் ஊர்க்காரன் சொன்னான்: "இது நம்ம அடிதான்டா. இவங்க கொஞ்சம் மெதுவா போறாங்க, அவ்ளோதான்."

பழைய நாளிதழ்களை மாடியில் கொளுத்தி, அந்தச் சூட்டில் பறையின் தோலை இறுக்குவான். புகைக்கு வீட்டுக்காரர் கீழேயிருந்து திட்டுவார். தடித்த குச்சி விழும் இடத்தில் பேஸ் விழும், மெல்லிய குச்சி பொரிகிற இடத்தில் என் வார்த்தைகள் ஓடும். நான் மூச்சு வாங்க வேண்டிய இடம் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். சரியாக அங்கே அரை நொடி அடியை நிறுத்தித் தருவான். நான் பெரிய பேச்சுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தூக்கி நிறுத்தியது அவன் மணிக்கட்டு.

அந்த மணிக்கட்டுக்கு ஒரு கதை உண்டு. பதினேழு வயதில் ஊர்த்தெருவில் ஒரு சாவுக்கு அடிக்கப் போயிருக்கிறான். வெயிலில் நாலு மணி நேரம் அடித்து ஓய்ந்தபோது எவனோ ஒருவன் அவன் தலையில் சாராயத்தை ஊற்றி, ஆடிக்கிட்டே அடி என்றானாம். பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த அவன் அப்பாவும் ஆடுடா என்றாராம். ஆடினான். மறுவாரம் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டதென்று வீட்டிலேயே முட்டையும் துணியும் வைத்து, புத்தூர் கட்டு மாதிரி ஒரு கட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் நடந்தான். எலும்பு சேரவில்லை, இனிமேல் குச்சி பிடிக்க முடியாது என்று அவன் அப்பா ஊர்ப் பெரியவர்களிடம் போய் அழுதார். ஊரும் நம்பியது. நான்கு வருடமாக அவனை யாரும் சாவுக்குக் கூப்பிடவில்லை. சாராயம் ஊற்றினது யார் என்று அவன் எங்களிடம் சொல்லவில்லை. என் வீட்டு ஆளாக இருந்துவிடப் போகிறதே என்று நானும் கேட்கவில்லை.

"சாவுக்கு அடிக்க மாட்டேன். ஸ்டேஜுக்குத்தான் அடிப்பேன். ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது," என்றான். அவன் அப்பாவை விட்டால் உலகத்தில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். கிட்டார்காரனும் நானும் அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தோம்.

செய்துவிட்டு, அந்த வாரமே நான் அதைப் பாட்டாக எழுதினேன்.

*கை ஒடஞ்சவன் நான், கட்டு போட்டவன் நான்,*
*உன் வீட்டுப் பொணத்துக்கு என் விரலு அசையாது.*

அவன் தாளை வாங்கிப் படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான். "உன் பேர் எங்கியும் வரலடா," என்றேன். சரி என்று குச்சியை எடுத்தான். எங்கள் பாட்டுகளிலேயே அதற்குத்தான் விசில் பறந்தது. கல்லூரி விழாவில் ஒருமுறை, இளைஞர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஒருமுறை. இரண்டாவது கூட்டத்துக்கு வந்திருந்த ஒருவர் சென்னையில் நடக்கவிருந்த மாணவர் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார். அவன் அதற்காக ஷூ வாங்கினான். ஷூ போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று, பெரிய மேடையில் அடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. தினமும் அதையே பேசினான்.

டவுனிலிருந்து அவனும் நானும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருவோம். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் அவன் எழுந்து பின்னால் போய் நின்றுகொள்வான். நாங்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. தம்ளரைப் பற்றிப் பாட்டு எழுதிய நான், ஒருநாள்கூட அவனை உட்காரச் சொல்லவில்லை.

சென்னை விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது என் பெரியப்பா இறந்தார். அவர் என்றால் எனக்கு உயிர். அப்பா அடிக்க வரும்போதெல்லாம் நான் ஒளிந்துகொண்டது அவர் முதுகுக்குப் பின்னால்தான். விடிகாலையில் போய்விட்டார். எட்டு மணிக்கெல்லாம் தெரு நிறைந்துவிட்டது. கிட்டார்காரன் முதல் பஸ்ஸிலேயே மாலையோடு வந்துவிட்டான். டவுன் வழக்கப்படி என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஏதோ மெல்லப் பேசிவிட்டு, பந்தலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.

மேளம்தான் சரியில்லை. காலனியில் அடிக்கிற ஆட்களில் இளவட்டங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். வந்தவர்கள் இரண்டு பேரும் வயசாளிகள். ஒருவர் எங்கள் பறைக்காரனின் அப்பா. அடித்துக்கொண்டே இருமினார். வந்த பங்காளிகளில் ஒருவர், "இன்னாப்பா, இவ்ளோ பெரிய சாவுக்கு மேளம் கம்மியா கீதே," என்று அப்பாவின் காதுபடச் சொன்னார்.

அப்பா மாட்டுக்கொட்டகை பக்கம் வந்தார். நான் அங்கே அழுதுகொண்டிருந்தேன்.

"எங்க அண்ணன் எப்படி வாழ்ந்த மனுசன். ரெண்டு கெழவனுங்க தட்டிக்கினு கீறானுங்க. இப்படியா போவணும்?" என்றார்.

நான் சொன்னேன்: "ஒருத்தன் இருக்கான்ப்பா. கை நல்லாத்தான் இருக்குது. டவுன்ல அடிக்கிறான்."

"எவன்?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. யாரோ டவுன் பையன் என்று சொல்லியிருக்கலாம். நான் அவன் பெயரைச் சொன்னேன். பெரியப்பாவை நல்லபடியாக அனுப்ப வேண்டும் என்கிற துக்கத்தில் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எங்கள் மேளம் இளைத்துப்போனதில் எனக்கும் அவமானமாக இருந்தது. எங்கள் மேளம் என்றுதான் நினைத்தேன்.

அப்பா கத்தவில்லை. நேரே பந்தலுக்குப் போய், அவன் அப்பாவின் எதிரில் நின்றார்.

"இன்னாடா, நாலு வருஷமா எங்க கண்ணுல மண்ணத் தூவிக்கினு கீறீங்களா? உன் புள்ள டவுன்ல மேடை ஏறி அடிக்கிறானாமே."

பெரியவர் பறையைக் கழற்றிக் கீழே வைத்தார். நெடுஞ்சாண்கிடையாக என் அப்பாவின் காலில் விழுந்தார். பிணத்துக்கு ஆறடி தூரத்தில், பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, விழுந்தே கிடந்தார். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு பேர் பைக்கில் போய் அவனை அழைத்துவந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பியிருந்தான், இஸ்திரி போட்ட சட்டை. என் சித்தப்பா ஒருவர் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார். "நல்லாத்தான கீது," என்றார். சாவு வீட்டில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவன் அப்பாவே எழுந்து வந்து பறையை அவன் தோளில் மாட்டிவிட்டார்.

அவன் அடித்தான். பத்து மணியிலிருந்து சுடுகாடு வரைக்கும் அடித்தான். மாடியில் ஒருநாளும் அவன் அப்படி அடித்து நான் கேட்டதில்லை. தெருவே ஆடியது. குறை சொன்ன பங்காளி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினார். அவன் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை, யார் பக்கமும் திரும்பவில்லை. பாடையைத் தூக்குவதற்கு முன்பே கிட்டார்காரன் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டான். அன்று என் பெரியப்பா மிகச் சிறப்பாகப் போனார், அப்பாவுக்கு முழு திருப்தி.

ஐந்தாம் நாள் மாடிக்குப் போனேன். அவன் எனக்கு முன்னால் வந்து, தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தான். கிட்டார்காரன் இன்னும் வரவில்லை.

"ஊர்ல எப்படிடா தெரிஞ்சுது?" என்றான்.

"நான் எப்படிடா சொல்லுவேன்?" என்றேன்.

"நீ சொல்லுவன்னு நெனக்கல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அன்னிக்கிக் காலையில அவன் எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பேசிட்டிருந்தான். இன்னா பேசினான்னு எனக்குத் தெரியாது," என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எதைச் சொன்னால் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறவன் நான், அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

கொஞ்ச நேரத்தில் கிட்டார்காரன் படியேறி வந்தான். பையைக் கீழே வைப்பதற்குள் அவன் கன்னத்தில் அறை விழுந்தது.

"போட்டுக் குடுத்தியாடா?"

"நான் ஒண்ணும் சொல்லலடா," என்றவன் என்னைப் பார்த்தான். ரகசியம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். தான் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும். நான் பாட்டு எழுதிய தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தும் மறுபடி பிரித்து மடித்தேன்.

கிட்டார்காரன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி. நான்தான்னு வச்சிக்கோ," என்று சொல்லிவிட்டு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். அவன் அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். காட்டிக்கொடுக்காததற்காக அவனை ரொம்ப நாள் வெறுத்தேன். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றும் நாங்கள் பேசுவதில்லை.

சென்னைக்கு யாரும் போகவில்லை. ஊர் விட்டதைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மூன்று வருடம் எங்கள் தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் அவன் வீட்டுக்குத்தான் ஆள் போனது. வேலை நேரத்தில் வந்து நின்றார்கள் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் அவனை நிறுத்திவிட்டார். நான் அவனுக்கு ஆறுதல் சொல்வேன். கண்டவனை நம்பக் கூடாதுடா என்பேன். ஆமான்டா என்பான்.

பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போனான். அதற்கும் இரண்டு வருடம் கழித்து அவனுக்குக் கல்யாணம், திருவண்ணாமலையில் ஒரு மண்டபத்தில். பத்திரிகையைச் சென்னையில் நான் இருந்த அறைக்கே கொண்டுவந்து கொடுத்தான். நீ வரலைன்னா தாலி கட்ட மாட்டேன் என்றான். போனேன். மேடையில் என்னைத் தன் பக்கத்தில் நிற்கவைத்து, தோளில் கை போட்டுக்கொண்டு, மணப்பெண்ணிடம் காட்டினான்.

"நான் சொன்னன் இல்ல, அது இவன்தான். அன்னிக்கி ஊரே ஒரு பக்கம் நின்னுச்சு, கூட இருந்தவனே போட்டுக் குடுத்தான். இவன் ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் எனக்குன்னு இருந்தான்."

அந்தப் பெண் கை கூப்பினாள். "உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லண்ணா. இருந்து சாப்பிட்டுத்தான் போவணும்," என்றாள்.

முதல் பந்தியிலேயே உட்காரவைத்தார்கள். பந்தியைக் கவனித்துக்கொண்டது அவன் அப்பா. ரொம்பக் குனிந்துபோயிருந்தார். என் இலைக்கு மட்டும் அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேசரியை ஒரு கரண்டி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "போதுமா தம்பி?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க," என்றேன்.