மூன்றாம் ஓலையில் சொன்ன தடை

சாந்தோம் தேவாலயப் பங்கில் கிளாடிஸைச் சாதுவான பெண் என்று சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு 1934 மறந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போது அவள் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். அவள் அப்பா பவுல்சாமி துறைமுகத்தில் ஹெட் கிளார்க். அவர்தான் அவளை ஸ்தனிஸ்லாஸுக்குப் பேசி முடித்தார். விலங்கியல் எம்.ஏ. படித்த அந்தப் பையனை டாக்டர் பட்டத்துக்கு இரண்டு சர்வகலாசாலைகள் கூப்பிட்டிருந்தன. ஒன்று லண்டன். அந்தப் பேரைக் கேட்டதிலிருந்து பவுல்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. மற்றது கல்கத்தா.

ஸ்தனிஸ்லாஸின் தங்கை ஐரினுக்கு யானைக்கால். பூசைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு உட்காருவாள். அந்த நோயைத்தான் ஆராய வேண்டும் என்று அண்ணன் தவித்தான். கல்கத்தா பேராசிரியர் அதிலேயே ஊறினவர். லண்டன்காரர் நண்டு ஆராய்கிறவர். தன்னிடம் வந்தால் நண்டுதான் என்று கறாராக எழுதியிருந்தார்.

எங்கள் பங்கில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. பவுல்சாமி பெருமை தாங்காமல், மாப்பிள்ளை பேருக்கு முன்னால் 'லண்டன் சர்வகலாசாலைக்குச் செல்லவிருக்கும்' என்று சேர்க்கச் சொல்லிவிட்டார். பையனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கோயிலில் வாசித்ததை மாற்றினால் பொய் சொல்லிப் பெண் எடுத்தவன் ஆகிவிடுவேனே என்று ஸ்தனிஸ்லாஸ் வாயை மூடிக்கொண்டான்.

இரண்டாம் ஓலை முடிந்து வெளியே வரும்போது ஐரின் கிளாடிஸின் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அண்ணனுக்கு லண்டன் போக இஷ்டமே இல்ல. உங்க நைனாவுக்குப் பயந்துக்கினு கம்முனு கீறாரு."

கிளாடிஸ் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். ஐரின் அன்று அதை மூடவில்லை.

மூன்றாம் ஞாயிறு. சாமியார் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். பெண்கள் பக்கத்தில் கிளாடிஸ் எழுந்தாள்.

"தடை கீது சாமி."

கல்யாணப் பெண்ணே தடை சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? பவுல்சாமி முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னா தடை, மகளே?" என்றார் சாமியார்.

"லண்டன்தான் சாமி. கல்கத்தா போறவர்னு வாசிச்சா எனக்குச் சம்மதம்."

சாமியார் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார். அவன் எழுந்து, "கல்கத்தாதான் சாமி," என்றான்.

அடுத்த ஞாயிறு ஓலையைத் திருத்தி வாசித்தார்கள். கல்யாணத்துக்குப் பவுல்சாமி வரவில்லை. கிளாடிஸ் பீடத்தின் முன்னால் நின்று அழுதாள். ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் பட்டம் வாங்கித் திரும்பினான். ஐரினின் வீக்கத்துக்கு மருந்து கொண்டுவரவில்லை. உலகத்தில் எங்குமே அப்போது அது இல்லை. அந்த நோயைப் பரப்பும் கொசு எந்தச் சாக்கடையில் வளர்கிறது என்று கண்டுபிடித்து வந்திருந்தான். வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு எங்கள் தெருச் சாக்கடைகளை மூட வைத்தான். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வந்த பவுல்சாமி, அப்போதும், "லண்டன் போயிருந்தா இன்னா மரியாதை கிடைச்சிருக்கும்!" என்றார்.

ஐரின் குழந்தையை மடியில் போட்டு இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி கீது அண்ணி," என்றாள்.