வழி விடச் சொன்ன ரோபோட்

தோட்டத்துக்குச் சான்றிதழ் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள் முன்னால் ரோபோட் நகரவில்லை. "வழி விடுங்கள்" என்று மலாயில் சொன்னது. வழியில் ஒன்றும் இல்லை.

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கும் பனை. முன்பு ரப்பர். புல்லுக்கு மருந்தடிப்பது என் வேலை. பம்பு சுமந்து அடித்ததில் நகமெல்லாம் மஞ்சள். அதனால் மருந்தடிக்க ரோபோட் வருகிறது என்றபோது எனக்கு வருத்தம் இல்லை. புல் இருக்கும் இடத்தில் மட்டும் அடிக்கும், மருந்து மிச்சம், மண் பிழைக்கும், இதுதான் நீடித்த மேம்பாடு என்றார் தோட்ட மேனேஜர் தொரை. எனக்கும் கூட மருந்தடிக்கும் சரோஜா அக்காவுக்கும் என்ன மேம்பாடு என்பதை எங்களை வேலை வாங்கும் மண்டோர் சொன்னார். மெஷின் ஒழுங்காக ஓடினால் ஒரு ஆள் போதும்.

அந்த ஒரு ஆள் ரோபோட்டுக்கு முன்னால் நடக்க. மட்டை விழுந்து கிடந்தால் அது நின்று வழி கேட்கும். மட்டைக்கு மலாய் தெரியாது. நாங்கள் இழுத்துப் போட வேண்டும்.

அன்று மட்டை எல்லாம் இழுத்தாகிவிட்டது. ரோபோட் மறுபடி வழி கேட்டது. தொரை ஒதுங்கினார். வந்தவர்கள் ஒதுங்கினார்கள். பிறகு எல்லோரும் கால்வாய் ஓரம் போய் நின்றோம். அப்போதும் கேட்டது.

சரோஜா அக்கா மெதுவாக என்னிடம் சொன்னார்: "இன்னும் யாரு ஒதுங்கணுமாம்? நாம ரெண்டு பேருதான் பாக்கி."

ஈப்போவிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரு தமிழ்ப் பெண். குனிந்து பார்த்தாள். முதல் நாள் ஆயுத பூஜை. மண்டோர் கத்தி, பம்பு, லோரி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், ரோபோட்டின் கேமராவிலும் கட்டியாக வைத்திருந்தார்.

"அங்கிள், கண்ணுலயா வச்சீங்க? அதுக்கு யாரோ முன்னால நிக்கிற மாதிரியே இருக்கும் லா."

"லோரிக்கு லைட்டுல வைக்கிறோம். அது ஓடலையா?"

அவள் துடைக்கப் போனாள். சாமிப் பொட்டைச் சும்மா அழிக்கக் கூடாது என்று மண்டோர் தடுத்தார். தொரை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் பின்பக்கம் புதுப் பொட்டு வைத்த பிறகுதான் முன்பக்கம் துடைக்க விட்டார். ரோபோட் நகர்ந்தது. வந்தவர்கள் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

சான்றிதழ் கிடைத்தது. சரோஜா அக்காவுக்கு முட்டி வலி, அதனால் மண்டோர் என்னை வைத்துக்கொண்டார். அக்கா இப்போது டவுனில் பள்ளிக்கூட கேண்டீனில் மங்கு, தட்டு கழுவுகிறார். போன வாரம் பார்த்தேன்.

"இன்னும் ஒதுங்கச் சொல்லுதா?"

"தெனமும்."

"நீ?"

"மட்டையத்தான் ஒதுக்குறேன் அக்கா."

சிரித்தார். என் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் போய்விட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொட்டைப் பின்னால் வையுங்கள். நீங்கள் முன்னால் நடங்கள்.