டம்பெல் கம்பியும் புனிதரின் இடது பின் மூலையும்

கடந்த வருடப் பெருநாள் பவனியில் எங்கள் புனிதர் இடது பக்கம் சாய்ந்தபடியே கொட்டாஞ்சேனையைச் சுற்றி வந்தார். சொரூபம் வைத்த கூட்டைத் தூக்க நான்கு மூலையிலும் தண்டுகள் உண்டு, மூலைக்கு ஒருவர். இடது பின் மூலையில் நின்றவன் நான். எனக்கு முன் அது என் அப்பாவின் இடம். தோள்மூட்டு பல மாதங்களாக இறுகிக் கிடந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. புனிதர் சொல்லிவிட்டார்.

கூட்டை இறக்கிவைத்ததும் மூப்பர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். எந்த மூலையில் யார் நிற்பது என்பதைத் தீர்மானிப்பவர் அவர்.

"அடுத்த வருஷம் குடை பிடிக்கிறீங்களா தம்பி?"

புனிதருக்குக் குடை பிடிப்பது மரியாதையான வேலை. இனித் தண்டு தூக்க முடியாது என்று கருதப்படுபவர்களுக்கு அது கொடுக்கப்படும். மச்சான், என் தங்கையின் கணவர், பக்கத்தில் நின்று தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் துறைமுகத்தில் வேலை செய்பவர், என்னைவிட இளையவர், ஒரு மூலைக்காக நெடுநாளாகக் காத்திருப்பவர்.

"ஒத்திகையில பாப்பம்" என்றேன்.

பெருநாளுக்கு முந்திய ஞாயிறு, புனிதருக்குப் பதிலாகச் சிமெந்து மூட்டைகளை வைத்துக் கூட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். மேசன்மார் பாவிக்கும் ரசமட்டம் ஒன்றை மூப்பர் அதன் நடுவில் வைப்பார். குமிழி நடுவில் நின்றால் அவரவர் மூலை அவரவருக்கு.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் பிசியோதெரபிப் பெண் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குறைந்த எடையில் தொடங்கி வாராவாரம் கொஞ்சம் கூட்டச் சொன்னார். ஜிம் ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடிச் சுவர் காலி வீதி என்ற பெருந்தெருவைப் பார்த்திருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் உள்ளே இருப்பவர்களுக்கு மார்க் போடலாம். வீட்டிலேயே செய்ய முடிவெடுத்தேன். தட்டுகளைக் கழற்றிப் பூட்டும் டம்பெல் புதிதாக ஒரு செட் வாங்குவதென்றால், அந்த மாதம் வீட்டில் வேறு எதையும் வாங்க முடியாது என்றாள் மனைவி. மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"தட்டெல்லாம் என்னட்ட கிடக்கு மச்சான். கம்பி மட்டும் வாங்குங்க."

"துளை என்ன அளவு?"

"ஒரு இஞ்சி. எங்கட பக்கம் எல்லாருட்டயும் அதுதான்."

"எனக்குத் தந்தா உனக்குத்தானே நட்டம்?"

"நீங்க தூக்கமாட்டீங்க எண்டுதானே தாறன்."

விளையாட்டுச் சாமான் கடைக்கார நானா இரண்டு கம்பிகளை எடுத்து வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஒன்று உள்ளே வெறும் குழாய், மற்றது முழு இரும்பு. சிமெந்துத் தரையில் தட்டியபோது குழாய் மணி போல ஒலித்தது. முழு இரும்பு 'டக்' என்று நிறுத்திக்கொண்டது. அடுத்தது, தட்டு கழலாமல் பிடிக்கும் பூட்டு. ஸ்பிரிங் கிளிப் ஒரு வகை, நட்சத்திர வடிவ நட் இன்னொரு வகை.

"கிளிப் லேசு சேர். டக்கெண்டு போட்டு டக்கெண்டு கழட்டலாம்" என்றார் நானா. "தலைக்கு மேல தூக்கக்குள்ள அதுவே கழண்டு வந்தா, அதுவும் லேசுதான்."

நட்சத்திர நட் போட்ட முழு இரும்புக் கம்பி என்று தீர்மானமாகியது. அதன் விலையைக் கேட்டதும் பழைய சாமான் கிடைக்கும் ஒருகொடவத்தைக்குப் போவதென்றும் தீர்மானமாகியது.

அங்கே ஒரு கொண்டெய்னர் யார்டின் பின்னால் வெளிநாட்டு ஜிம்களில் கழித்த சாமான்கள் குவிந்து கிடந்தன. விற்றவன் சிங்களத்தில், "கப்பலில் வந்த சாமான், அய்யே" என்று என்னை அண்ணனாக்கினான். "எல்லாமே கப்பலில்தான் வருகிறது, மல்லி" என்று நானும் அவனைத் தம்பியாக்கினேன். மேல்துருவைப் பொருட்படுத்தவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டினேன், வளைந்தவை நொண்டின. நேராக ஓடியவற்றில், நட் இரண்டு விரலால் கடைசிவரை சுழன்று போன ஒரு சோடியை எடுத்துக்கொண்டேன். விட்டத்தை அவனுடைய அளவுகோலில் ஒரு தடவை, பக்கத்துக் கடைக்காரனுடையதில் ஒரு தடவை பார்த்தேன். ஒரு இஞ்சி.

மச்சானின் தட்டுகள் திரீவீலரில் வந்தன. கம்பியில் போட்டதும் அவை குழந்தையின் கையில் அம்மாவின் காப்பைப் போல ஆடின.

காரணம் பிறகு தெரிந்தது. தட்டுகள் கடையில் வாங்கியவை அல்ல. துறைமுக வேர்க்ஷாப் ஒன்றில் அவற்றை வெட்டிக் கொடுத்தவர், ஒரு இஞ்சித் தண்ணீர் பைப்பில் கோக்கும்படி துளை போட்டிருந்தார். பைப்பின் அளவு உள்விட்டத்துக்கு. வெளியே அது இன்னும் தடிப்பு. அவர்கள் எல்லோரும் பைப்பிலேயே கோத்துத் தூக்கியதால் ஒருவருக்கும் குறை தெரியவில்லை.

"பேப்பர்ல இவ்வளவு காலம் வேலை செய்யிறீங்கள்" என்றாள் மனைவி. "உங்கட இடத்தைப் பிடிக்க நிக்கிற ஆளிட்ட மட்டுமோ கேட்டனீங்கள்?"

ஒரே ஆளின் பேச்சை நம்பிய செய்தி ஆசிரியர் நான். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பை நீளவாக்கில் மடித்து, பசை தடவி, தட்டு நிற்கும் இடங்களில் கம்பியைச் சுற்றி இறுக்கினேன். பத்திரிகைகள் மெலிந்துபோன காலம். எதிர்பார்த்ததைவிட நிறையத் தேவைப்பட்டது. மேலே டேப். தட்டுகள் சிக்கென்று நின்றன. நட் துளையைவிட அகலமாக இருந்ததால் வெளியே வரவும் வழியில்லை. முதல் வாரம் மிகச் சிறிய தட்டோடும் கை காதுக்கு மேலே போகவில்லை. மழைக்காலம் முடியும்போது போனது.

ஒத்திகையன்று மூப்பர் கையைத் தட்டியதும் தூக்கினோம். குமிழி என் பக்கமாக ஓடி வந்தது. என் மூலைதான் உயரம்.

"என்ன தம்பி, மோட்சத்துக்கே ஏத்தப் போறீங்களா? இறக்குங்க."

இறக்கினேன். குமிழி நடுவுக்குப் போய் நின்றது. கோயில் வளவை ஒரு சுற்றுச் சுற்றினோம். மூப்பர் கூடவே நடந்தார். ரசமட்டத்தைக் கொஞ்சமும் என் முகத்தை அதிகமும் பார்த்தார். கூட்டை இறக்கியதும் போய்க் குடையை எடுத்துவந்து மச்சானிடம் கொடுத்தார். மச்சான் அதை விரித்துச் சிமெந்து மூட்டைகளுக்கு மேல் பிடித்துப் பார்த்தார்.

"பெருநாள் முடிஞ்சதும் தட்டைத் திருப்பித் தாங்க மச்சான்" என்றார் என்னிடம். "கம்பியோட."

"தட்டைத் தாறன்" என்றேன். "நீ ஒரு இஞ்சி பைப் வாங்கு. உனக்கு அதுதான் அளவு."