ஏரிக்கு முதுகைக் காட்டி

ஆவடி போகும் பேருந்து அம்பத்தூர் ஏரிப் பக்கம் பஞ்சராகி நிற்கிறது. இறங்கிக் கரைக்கு வருகிறேன். ஆகாயத்தாமரை இலைகள் மேல் ஒரே ஒரு காட்டு வாத்துக் குஞ்சு, உள்ளங்கை அளவுதான். விடாமல் கத்துகிறது. மேலே ஒரு பருந்து வட்டமிடுகிறது. தாயைக் காணோம். என்ன தாய் இது என்று கோபம் வருகிறது எனக்கு.

துணிப்பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கரையில் வைத்துவிட்டு, காலிப் பையோடு சேற்றில் இறங்குகிறேன்.

"இன்னாம்மா பண்ற?"

மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து கேட்கிறார்.

"தனியா இருக்குக்கா. எடுத்துட்டுப் போயிக் காப்பாத்தலாம்னு..."

"தனியா எங்க கீது? தாயி அந்தக் கோரைக்குள்ளதான் கீது. நீ இங்க நின்னுகினு இருந்தா அது எப்டி வரும்? மேல ஏறி வா. இப்டி திரும்பி உக்காரு."

அவரே ஏரிக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்காருகிறார். நானும் பக்கத்தில் உட்காருகிறேன். சாலையையும், கழற்றிப் போட்ட டயரையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பின்னால் குஞ்சு கத்திக்கொண்டே இருக்கிறது. பருந்து நினைவுக்கு வந்து என் கழுத்து தானாகத் திரும்புகிறது.

"ம்ம்!" என்று அதட்டுகிறார்.

கோரைக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல். குஞ்சின் கத்தல் சட்டென நிற்கிறது.

"இப்ப பாரு."

தாய் வாத்து நிதானமாக நீந்திப் போகிறது. பின்னால் ஏழெட்டுக் குஞ்சுகள். நான் காப்பாற்ற வந்த குஞ்சு அதில் எது என்று எனக்குத் தெரியவில்லை.