மெயினை அணைத்த எலக்ட்ரீஷியன்

தெருவுக்கே மாமாவான அந்த எலக்ட்ரீஷியன், அரிப்புக்குப் பத்து வருடமாகத் தடவிய ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சொல்லி நிறுத்தினார். உடனே தோல் நெருப்பாய்ச் சிவந்து உரியத் தொடங்கியது. ஆற மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆளாளுக்குச் சொன்ன யோசனைகளைத்தான் போட்டுக்கொண்டார். பால், முட்டை, கோதுமை, தக்காளி எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார். மீன் எண்ணெய், வைட்டமின் டி என்று ஐந்து மாத்திரைகளை அதே நாளில் தொடங்கினார். இரண்டு மாதத்தில் ஆள் இளைத்தார், அரிப்பு இளைக்கவில்லை.

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஊரார் வீட்டுல கோளாறுன்னா ஒவ்வொரு லைனா பாப்பீங்க. உங்க உடம்புக்கு மட்டும் மெயினையே ஆஃப் பண்ணிட்டீங்களே."

தொழிலைத் தொட்டதும் மாமாவுக்குச் சுருக்கென்றது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முதலில் முட்டையை மட்டும் சேர்த்தார். நாலு நாள் முழங்கையில் டார்ச் அடித்துப் பார்த்தார். புதிதாக எதுவும் சிவக்கவில்லை.

"முட்டை லைன்ல கோளாறு இல்ல" என்று அறிவித்தார்.

மனைவி அவர் தட்டில் இன்னொரு ஆம்லெட்டை வைத்தார். "லோடு தாங்குதான்னும் பாத்துடுங்க."